ஒட்டு விடாமல் நிற்க: பிளாஸ்டிக்குக்கும் பைபருக்கும் சில குறிப்புகள்

கட்டுக்கரைக் குளத்து வயல்களுக்கு மருந்தடிக்கும் தாங்கி, பேசாலைக் கரையில் நிற்கும் பைபர் படகு, முற்றத்துத் தண்ணீர்த் தாங்கி எது வெடித்தாலும் நாம் முதலில் தேடுவது நல்ல பசையைத்தான். ஆனால் ஒட்டு விட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் பசையல்ல, பசை பிடிக்க வேண்டிய மேற்பரப்பு. மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைகள் முப்பதின் இறகுகளும் கண்ணாடி நார், கரிநார், எபொக்சி ரெசின் ஆகியவற்றால் ஆனவை. ரெசின் நாரை இறுகப் பிடித்திருப்பதால்தான் அவை சோளகக் காற்றைத் தாங்குகின்றன. வீட்டுப் பொருளுக்கும் இதே விதிதான்.

1. ஒட்டுவதற்கு முன் பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2, 4 என்றால் பொலித்தீன் வகை. 5 என்றால் பொலிபுரோப்பிலீன். பிளாஸ்டிக் கதிரைகள் பல இந்த வகைதான். இவற்றில் எபொக்சியும் சூப்பர் குளூவும் நிலைக்காது, காய்ந்தபின் தோல்போல உரிந்து வரும். 3 என்றால் பீவிசி. குழாய்க் கடையில் கிடைக்கும் பீவிசி பசை அதன் மேற்பரப்பைக் கரைத்து ஒன்றாக்கிவிடும்.

2. கழுவித் துடைத்த இடத்தில் ஒரு துளி நல்ல தண்ணீர் விடுங்கள். துளி முத்தாக உருண்டு நின்றால் பசையும் அங்கே பரவாது. மெல்லிய படலமாகப் பரவினால் ஒட்டலாம். செலவே இல்லாத இந்தச் சோதனையைப் பெரிய தொழிற்சாலைகளிலும் செய்கிறார்கள்.

3. கடற்கரைப் பொருளை முதலில் நல்ல தண்ணீரால் கழுவி உப்பைப் போக்கி, நன்றாக உலரவிடுங்கள். பிறகு அசிற்றோன் தோய்த்த சுத்தமான துணியால் எண்ணெயைத் துடையுங்கள். அதன் பிறகே சாண்ட் பேப்பர். எண்ணெயோடு தேய்த்தால் அழுக்கைக் கீறல்களுக்குள் ஏற்றிவிடுவோம். தேய்த்த தூளை மறுபடி துடைத்த பின் அந்த இடத்தில் விரல் படக்கூடாது.

4. பொலிபுரோப்பிலீனை ஒட்டியே ஆக வேண்டுமென்றால், வெல்டிங் கடையில் நீலச் சுடரை ஒட்டும் இடத்தின் மேல் ஒரே வீச்சில் ஓட்டி எடுக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் உருகக்கூடாது, மேற்பரப்பில் ஒட்சிசன் சேர்ந்தால் போதும். தண்ணீர்த் துளி இப்போது பரவும். அந்தத் தன்மை நாளாக ஆகக் குறைவதால் உடனே ஒட்டிவிட வேண்டும். பெற்றோல் இருந்த கலனிலும் மருந்துத் தாங்கியிலும் இதைச் செய்யவே கூடாது.

5. தண்ணீர்த் தாங்கி வெடித்தால் அதே வகைப் பிளாஸ்டிக் துண்டை உருக்கிச் சேர்ப்பதே வழி. குடிதண்ணீர்த் தாங்கியின் உட்பக்கத்தில் படகு ரெசின் பூசாதீர்கள்.

6. பைபர் படகில் ஓட்டை விழுந்தால் மேலே ஒரு துண்டு மட் (கண்ணாடி நார் விரிப்பு) வைத்து மூடுவது போதாது. ஓட்டையைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்தெடுக்க வேண்டும். பலகை 3 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் சரிவு ஏறக்குறைய 36 மில்லிமீற்றர், அதாவது 12 மடங்கு அகலம். இந்தச் சரிவு வழியேதான் பழைய நாரின் சுமை புதிய நாருக்கு மெல்ல இறங்கும். நேராக வெட்டி அடைத்தால் சுமை முழுவதும் ஒரு கோட்டில் விழுந்து, அடுத்த அலையில் அங்கேயே விடும். ரெசினை அதிகம் ஊற்றினால் பலம் கூடும் என்று நம்புகிறவர்கள் நம்மிடையே பலர். பலம் நாரிலிருந்து வருகிறது; தேவைக்கு மேற்பட்ட ரெசின் பலகையை நொறுங்க வைக்கும். வெள்ளை மட் நனைந்து கண்ணாடிபோலத் தெளியும் அளவே போதும். உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். மேற்புறம் பிசுபிசுப்பாகவே நின்றால் காற்றுத்தான் காரணம். கடைசிப் பூச்சின் மேல் பொலித்தீன் தாளை விரித்து மூடினால் காய்ந்துவிடும்.

7. 100 கிராம் பொலியெஸ்டர் ரெசினுக்கு ஹார்ட்னர் 1 முதல் 2 கிராம். மன்னார் மத்தியான வெயிலில் 1 கிராமுக்கு அருகிலேயே நில்லுங்கள், அல்லது விடியற்காலையில் வேலையை முடியுங்கள். ஹார்ட்னரையும், ரெசினை விரைவாக இறுக வைக்கும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாகக் கலக்கவே வேண்டாம், வெடிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பார்வையே போகக்கூடும்.

8. கிடைக்காத உதிரிப்பாகத்தை இப்போது கரிநார் கலந்த நைலோனில் முப்பரிமாண முறையில் அச்சிட்டுத் தருகிறார்கள். நைலோன் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அதுவும் நம் கரைக்காற்றில். அச்சிடும் முன் அதை ஏறக்குறைய 80 பாகையில் பல மணிநேரம் உலர்த்தினார்களா என்று கேளுங்கள். ஈரம் கொதித்தால் குமிழியும் வெடிப்பும் மிஞ்சும். இழுபடும் திசை அச்சுப் படைகளின் நீளவாக்கில் அமைய வேண்டும். படையும் படையும் சேரும் இடமே மிகவும் பலவீனம். கரிநாரின் மேல் தொழிற்சாலையில் பூசும் மெல்லிய பூச்சும் பிளாஸ்டிக்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எபொக்சிக்கென்று பூசிய நார் பொலிபுரோப்பிலீனோடு ஒட்டாது. அதற்காகவே மலெயிக் அன்ஹைட்ரைட் இணைத்த பொலிபுரோப்பிலீனைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். ஒரு முனை நாரைப் பிடிக்க, மறு முனை பிளாஸ்டிக்கோடு பிணையும்.

9. கரிநார்ப் பொருளில் அலுமினியத் துண்டை நேரடியாகப் பூட்டாதீர்கள். உப்பு ஈரத்தில் இரண்டும் மின்கலம்போல வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும். இடையில் கண்ணாடி நார்ப் படையோ நைலோன் வாஷரோ வையுங்கள்.

10. கரிநார்த் தூண்டில் தடியை மின்கம்பிக்கு அருகில் நிமிர்த்த வேண்டாம். கரி மின்சாரத்தைக் கடத்தும்.

11. ஒட்டு காய்ந்தபின் ஒரு ரூபாய்க் குற்றியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் வரும் இடம் சரி. மந்தமாகக் கேட்டால் உள்ளே படை விட்டிருக்கிறது, அந்த இடத்தைப் பெயர்த்து மீண்டும் செய்யுங்கள்.

12. பைபரைத் தேய்க்கும்போது முகமூடி போட்டு, தண்ணீர் தெளித்தபடி தேய்த்தால் தூசி பறக்காது. கரிநார்த் தூசி பட்ட இடத்துக்குப் பக்கத்தில் வானொலி, சார்ஜர் எதுவும் திறந்திருக்க வேண்டாம். உள்ளே போனால் ஷோர்ட் ஆகும். உடுப்பைக் குழந்தைகளின் உடுப்போடு சேர்க்காமல் தனியாகத் தோயுங்கள்.