லேத் பட்டறையில் ஹோனிங் பழகுகிறீர்களா?

உத்திரமேரூர்ப் பக்கம் லேத் பட்டறையில் சேரும் பையன்களுக்கு முதல் நாளே மெஷினில் கை வைக்க ஆசை. அதை ஒத்திப்போட்டு, முதலில் அளவெடுக்கப் பழகுங்கள். பிளாக்கைக் கடைந்து ஹோனிங் போட்டுக் கொடுப்பதில் பெயர் வாங்கித் தருவது போர் கேஜ் பிடிக்கும் கைதான்.

புகை தள்ளும் பழைய புல்லட் 350 வருகிறது என்று வையுங்கள். போர் 70 மி.மீ. சிலிண்டர் சீராகத் தேயாது. மேலே ரிங் நின்று திரும்பும் இடத்தில் சூடும் அழுத்தமும் அதிகம், எண்ணெய் குறைவு, தேய்மானமும் அங்கேதான் கூடுதல். எனவே மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், கிராங்க் வாக்கிலும் அதற்குக் குறுக்கிலும் அளந்து நோட்டில் எழுதுங்கள். புதுப் பிஸ்டன் பெட்டியில் 0.50 ஓவர் சைஸ் என்று போட்டிருப்பதை நம்பிக் கடையாதீர்கள். பிஸ்டன் கைக்கு வந்து, அதையும் மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே போரிங். ஹோனிங்குக்குச் சுமார் 0.05 மி.மீ. மிச்சம் விடுங்கள்.

கண்ணாடி மாதிரி மின்னினால் நல்ல வேலை என்று வாடிக்கையாளர் நினைப்பார். உண்மையில் அப்படி மின்னும் போரில் எண்ணெய் தங்காது, ரிங்கும் படியாது. குறுக்குக்கோடு விழ வேண்டும். கோடு படுத்துக் கிடந்தால், சுற்றும் வேகத்துக்கு ஏற்றி இறக்கும் கை மெதுவாகப் போகிறது என்று அர்த்தம். இரு முனையிலும் ஹோனிங் கல்லில் மூன்றில் ஒரு பங்குதான் வெளியே வரலாம்; அதற்கு மேல் போனால் வாய் அகன்றுவிடும். முடித்ததும் மண்ணெண்ணெயில் துடைத்தால் போதாது, கல்தூள் உள்ளேயே நிற்கும். சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டு, வெள்ளைத்துணி கறைபடாமல் வரும்வரை கழுவி, காயவைத்து உடனே எண்ணெய் பூசுங்கள்.

யமஹா ஆர்15 பிளாக் வந்தால் வாங்காதீர்கள். அது இரும்பு ஸ்லீவ் இல்லாத டயாசில் அலுமினியம். வழக்கமான போரிங்கும் கல்லும் அதற்கு ஆகாது.

தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்து, "உள்ளே துரு, லேசா ஹோன் போட்டுக் குடுப்பா" என்று யாராவது கேட்டால், தொடவே கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கத் தனி உரிமம் வேண்டும். அவரிடம் இருக்கும் லைசென்ஸ் உங்களைக் காப்பாற்றாது. 2019 திருத்தத்துக்குப் பின் தண்டனை குறைந்தது 7 ஆண்டு. போதாக்குறைக்கு, துருவோடு குழலின் சுவரும் மெலிந்தால் சுடும்போது குழலே பிளக்கலாம். உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்கு வழி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

கம்பெனி வேலைதான் குறி என்றால் ஐடிஐயில் டர்னர் அல்லது மெஷினிஸ்ட் படியுங்கள். இரண்டும் 2 ஆண்டு. ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டும், வல்லம் வடகாலில் அதோடு யமஹாவும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. நேர்முகத்துக்குப் போகும்போது அந்த அளவு நோட்டையும் எடுத்துப் போங்கள்.