மீந்த செயலியின் மறுபயன்

கணிப்பொறியின் வேகத்தைக் கூட்டும்பொருட்டு அதன் செயலியை, அதாவது பிராசசரை, மாற்றுவது உண்டு. கணக்கீடுகளை நிகழ்த்தும் தலைமை உறுப்பு இதுவே. புதியது பொருத்தப்பட்டதும் பழையது மேசை இழுப்பறையில் கிடந்து, நாளடைவில் குப்பையைச் சேர்கின்றது. ஆயினும் அது பழுதுற்ற பொருளன்று. வேறோரிடத்தில் நெடுநாள் உழைக்க வல்லது.

செயலி தனித்து இயங்காது. மதர்போர்டு, நினைவகம், மின்வழங்கி, விசிறி ஆகியவையும் வேண்டும். மீந்த ஒரு செயலிக்காக இவற்றையெல்லாம் புதிதாக வாங்குதல் சிக்கனமாகாது. ஆகவே, அதே சாக்கெட்டைக் கொண்ட, அதனினும் மெதுவான மற்றொரு கணிப்பொறியைத் தேடுதலே முறை.

பள்ளி அலுவலகக் கணிப்பொறியிலிருந்து இன்டெல் கோர் ஐ3-6100 செயலி கழற்றப்பட்டதெனக் கொள்வோம். ஆய்வுக்கூடத்தில் செலரான் ஜி3900 பொருத்திய கணிப்பொறி இருப்பின், மீந்த செயலி அதற்குப் பொருந்தும். இரண்டும் 2015-ஆம் ஆண்டில் வெளிவந்தவை. 1151 தொடுபுள்ளிகள் கொண்டவை. இரண்டின் வெப்ப அளவும் 51 வாட் ஆதலின் பழைய விசிறியே போதும். வேகமோ 2.8 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3.7 ஆக உயரும்.

சாக்கெட்டின் எண் ஒத்திருப்பது மட்டும் போதாது. 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகளுக்கும் 1151 என்னும் எண்ணே உண்டு. எனினும் அவை முந்தைய மதர்போர்டுகளில் இயங்கா. மதர்போர்டு தயாரிப்பாளர் தரும் பட்டியலை முதலில் பார்த்தல் வேண்டும்.

பொருத்துமுன் மின் இணைப்பை நீக்குக. தரையிணைப்புள்ள உலோகத்தைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்குக. செயலியை விளிம்பில் பிடித்து, முக்கோணக் குறி பொருந்துமாறு, அழுத்தாமல் வைக்க. சாக்கெட்டின் நுண்ணூசிகள் வளைந்தால் மதர்போர்டே வீணாகும். பழைய வெப்பப் பசையைத் துடைத்துப் புதியதை இடுக.

இப்பொழுது செலரான் மிஞ்சும். அது வகுப்பறைக்கு உரியது. மாணவர் அதன் தொடுபுள்ளிகளை உருப்பெருக்கியால் நோக்கலாம். 1971-இல் வெளிவந்த இன்டெல் 4004 செயலிக்கு 16 கால்களே இருந்தன என ஆசிரியர் ஒப்பிட்டுக் காட்டலாம்.

முற்றிலும் பழுதுற்ற செயலியை எரித்தலும், தங்கம் எடுக்க அமிலத்தில் இடுதலும் ஆகா; நச்சுப்புகை உயிருக்கு ஊறு செய்யும். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் அதனைச் சேர்ப்பித்தலே நன்று.