வினவலில் திகதிகளை மாதம், ஆண்டு வாரியாகத் தொகுத்தல்

கிழக்கு மாகாணத்தைத் தாக்கிய நான்கு அனர்த்தங்கள் ஓர் அக்சஸ் அட்டவணையில் பதியப்பட்டுள்ளன எனக் கொள்க.

1964.12.22 – சூறாவளி, திருகோணமலை
1978.11.23 – சூறாவளி, மட்டக்களப்பு
2004.12.26 – சுனாமி, கல்முனை
2024.11.26 – வெள்ளம், அம்பாறை

திகதிப் புலத்திலிருந்து ‘மந்த்’ சார்பு மாதத்தையும் (1–12) ‘இயர்’ சார்பு ஆண்டையும் எண்ணாகப் பிரித்துத் தரும்.

வினா: பதிவுகளைப் பின்வருமாறு தொகுத்து எண்ணினால் பெறுபேறு யாது?
(அ) மாதத்தால் மட்டும்
(ஆ) ஆண்டு, மாதம் இரண்டாலும்

விடை:
(அ) இரண்டு வரிகள்: 11 – 2, 12 – 2. நாற்பது ஆண்டு இடைவெளியுள்ள இரு டிசம்பர்களும் ஒரே வரியில் சேர்ந்துவிட்டன.
(ஆ) நான்கு வரிகள், ஒவ்வொன்றிலும் 1.

வரிசைப்படுத்தல்: ‘ஃபோமற்’ சார்பு தருவது எழுத்துத் தரவாகும். மாதத்தை முன்னே வைத்தால் ஏறுவரிசை 11-1978, 11-2024, 12-1964, 12-2004 என அமையும், காலவரிசை குலையும். ஆண்டை முன்னே வைத்தால் 1964-12, 1978-11, 2004-12, 2024-11 எனச் சரியாக வரும்.

கவனிக்க: எண்ணிக்கை காரணத்தைக் கூறாது. டிசம்பர் வரியில் 2 என இருப்பதால் இரண்டும் பருவக்காற்றின் விளைவு என எழுத வேண்டாம். சுனாமிக்குக் காரணம் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட பூமியதிர்ச்சியே.