கடைக் கழிவும் காசாகும்: கொல்லையில் உரப்பெட்டி செய்யும் முறை



மளிகைக் கடையும் காய்கறிக் கடையும் வைத்திருக்கும் நமக்கு நாள் முடிவில் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று கல்லாவில் எண்ணுவது. மற்றொன்று பின்கட்டில் குப்பைத் தொட்டியில் கொட்டுவது. முதற் கணக்கைக் காசு காசாகப் பார்க்கிறோம். இரண்டாவதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வெங்காயச் சருகு, வாடிய கீரை, கோஸின் மேலிலை, தேயிலைச் சக்கை, அட்டைப்பெட்டி இவையெல்லாம் நாம் விலை கொடுத்து வாங்கிய சரக்கோடு வந்தவையே. அவற்றை ஒன்றாக மூட்டை கட்டி வைக்கும்போது நாற்றம், ஈ, எலி மூன்றையும் சேர்த்தே வளர்க்கிறோம். வீட்டுக் கொல்லையில் சிறிது மண்ணிருந்தால் அதே கழிவு சில மாதங்களில் நல்ல உரமாகும். அதற்குரிய பெட்டியைக் கடையில் மிஞ்சும் பொருள்களைக் கொண்டே செய்வது எப்படி என்பதுதான் இப்பாடம்.

இதன் அவசியம் யாது?

மலேசியாவில் 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில், 1.9.2015 முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயமாயிற்று. சிங்கப்பூரிலோ, 1999 முதல் எரித்த சாம்பலை ஏற்றுவரும் செமாக்காவ் தீவுக் குப்பைநிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரு கரையிலும் குப்பை கொட்ட இடம் குறைந்துகொண்டே வருகிறது. மேலும், குப்பை மேட்டில் காற்றுப்படாமல் அழுகும் உணவுக் கழிவு மீத்தேன் என்னும் வாயுவை விடும். அது பூமியின் சூட்டை மிகுதிப்படுத்துவது. காற்றோட்டத்துடன் மக்கினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

இது புதுமையான வித்தையன்று. ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர் இந்தியாவின் இந்தூரில் 1924 முதல் 1931 வரை இருந்து, செடிகொடிக் கழிவையும் சாணத்தையும் அடுக்கி மக்கவைக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். அம்முறைக்கு இந்தூர் முறை என்றே பெயர் நிலைத்தது.

பலகை தேர்ந்தெடுத்தல்

சரக்கு இறக்கியபின் மிஞ்சும் பெல்லட் என்னும் பலகைத் தட்டு நான்கு போதும். 40 அங்குலத்துக்கு 48 அங்குலம் என்பது எங்கும் காணப்படும் ஓர் அளவு. வெளிநாட்டிலிருந்து வரும் மரத்தட்டில் கதிர் போன்ற முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்றிருந்தால் சூட்டினால் பூச்சி நீக்கிய மரம், எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் நச்சுவாயு ஏற்றிய மரம், வேண்டாம். எண்ணெயோ மருந்தோ சிந்திய தட்டும் வேண்டாம். கம்பெனிப் பெயர் அடித்து வாடகைக்குச் சுற்றிவரும் தட்டுகளும் உண்டு. அவை பிறர் உடைமை. கேட்பாரற்றுக் கிடப்பினும் தொடலாகாது.

செய்முறை

1. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, அரை நிழலான மண்தரையைத் தேர்ந்தெடுங்கள். சுவரை ஒட்டி வைத்தால் கரையான் வீட்டுக்குள் ஏறும். கடைக்குப் பின்னுள்ள சந்து பொது வழி, அங்கே வைக்கலாகாது.

2. தரையில் அரை அங்குலத்திற்கும் சிறிய கண்ணுள்ள கம்பிவலையை விரியுங்கள். எலி அடியிலிருந்துதான் வரும். காசு கொடுத்து வாங்க வேண்டியது பெரும்பாலும் இதுவொன்றே.

3. மூன்று தட்டுகளை 48 அங்குலப் பக்கம் தரையில் படும்படி நிறுத்தி, மூலைகளை மேலும் கீழும் கட்டுக்கம்பியால் முறுக்குங்கள். நான்காவதை ஒரு பக்கம் மட்டும் கட்டினால் கதவாகும். உட்பக்கத்திலும் வலையை அடியுங்கள்.

4. பழைய கூரைத் தகரத்தைச் சரிவாக மூடிக் கல் ஏற்றுங்கள். தகரத்தின் மடிப்பில் தண்ணீர் தேங்கக்கூடாது. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நீரில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து கொசுவாகிப் பறந்துவிடும்.

பற்றும் வரவும்

கழிவு இருவகை. காய்கறித் தோல், கீரை, காப்பித்தூள் சக்கை, பழத்தோல் ஆகியவை ஈரக் கழிவு. கிழித்த அட்டை, முட்டைத் தட்டு, காய்ந்த இலை, சணல் சாக்கு ஆகியவை உலர்ந்த கழிவு. மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து ஒரு பங்கென்றால் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு வேண்டும். இதைத் தராசில் நிறுக்க வேண்டியதில்லை. ஈரக் கழிவு ஒரு வாளி போட்டால் உலர்ந்தது இரண்டு வாளி போடுங்கள், கணக்குச் சரியாகிவிடும். எப்போதும் மேலே உலர்ந்ததே இருக்கட்டும்.

இறைச்சி, மீன், கருவாடு, எண்ணெய், சமைத்த சோறு, கறி இவற்றைப் போடலாகாது. எலியை விருந்துக்கு அழைப்பதாகும். அட்டையிலுள்ள ஒட்டுநாடாவை உரித்துவிடுங்கள். நம் கடை ரசீதுச் சுருள் இரசாயனம் பூசியது, அதுவும் ஆகாது.

ஈரம் பிழிந்த துணியளவு இருந்தால் போதும். வாரம் ஒருமுறை கதவைத் திறந்து கிளறுங்கள். இரும்புக் கம்பியொன்றை நடுவில் செருகிச் சற்றுப் பொறுத்து எடுத்துத் தொட்டுப் பாருங்கள். சூடாயிருந்தால் வேலை நடக்கிறது. நன்கு மக்கும் குவியலின் நடுப்பகுதி 55 பாகைக்கு மேலும் ஏறும். களைவிதையும் கிருமியும் அச்சூட்டில் மடியும். குவியல் எப்பக்கமும் மூன்றடிக்குக் குறைந்தால் சூடு நிற்காது.

குறை தெரிந்தால்

நாற்றமடித்தால் ஈரம் மிகுந்தது. அட்டையைக் கிழித்துப் போட்டுக் கிளறுங்கள். எறும்பு மொய்த்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். ஈ வந்தால் மேல்மூட்டம் போதவில்லை. அண்டை வீட்டார் மூக்கைப் பிடிக்கும்படி நடக்கும் காரியம் எத்தனை பயனுள்ளதாயினும் நன்மையாகாது. ஆகையால் நாற்றம் எழுந்த அன்றே சரிசெய்வது நம் கடமை.

கிளறிவந்தால் நம் நாட்டு வெப்பத்தில் இரண்டு மூன்று மாதங்களில் கறுத்து, மண்வாசனையோடு உதிரும். சலித்து, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சேர்த்தால் கறிவேப்பிலை, மிளகாய், பாண்டான் இலை எல்லாம் செழிக்கும்.

சிங்கப்பூரில் அடுக்குமாடியில் வசிப்போர் நடைபாதையில் இப்பெட்டியை வைக்க வேண்டாம். 2005 முதல் வட்டாரந்தோறும் வளர்ந்துவரும் சமூகத் தோட்டங்களில் கேட்டுப் பாருங்கள்.

முதலில் ஒரு வாரம் உங்கள் கழிவை ஈரமும் உலர்ந்ததுமாக இரண்டு வாளிகளில் பிரித்து, நாளொன்றுக்கு எவ்வளவென்று குறித்து வையுங்கள். பிறகு பெட்டி கட்டுங்கள். சரக்கின் அளவு தெரியாமல் கிடங்கு கட்டுவது வியாபாரிக்கு அழகல்லவே!