புதிதாய்ப் பொறுப்பேற்ற ஓர் ஆசிரியைக்கு

ஸ்ரீ கெம்பாங்கான்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆசிரியர் கல்விக் கழகத்திலிருந்து வெளிவந்து அதிக காலம் ஆகாத உன்னிடம் ஐந்தாம் ஆண்டு வகுப்பு ஒன்றையும், அது போதாதென்று பள்ளியின் கட்டொழுங்குக் குழுவில் ஓர் இடத்தையும் ஒருசேர ஒப்படைத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது மகிழ்ச்சியும், மேலே வாசிக்க வாசிக்கக் கவலையும் கொண்டேன். பாடம் நடக்கும்போதே எழுந்து நடமாடுவது, கேட்டதற்கு எகத்தாளமாகப் பதில் சொல்வது, ஒருவன் ஆரம்பித்தால் பத்துப் பேர் சேர்ந்துகொள்வது, கண்டித்தால் மறுநாள் காலையில் தாயோ தகப்பனோ பள்ளி அலுவலகத்தில் வந்து நிற்பது, அதற்கு முன்பே பெற்றோரின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் உன் பெயர் அடிபட்டுவிடுவது என்று நீ அடுக்கியிருக்கும் துன்பங்களுள் ஒன்றும் மிகையில்லை என்பதை, இந்தத் தொழிலிலேயே ஆயுளைச் செலவிட்டவள் என்ற முறையில் நான் அறிவேன். ஆகையால், பொறுமையாக இரு என்ற வெற்று உபதேசத்தை உனக்கு எழுதப் போவதில்லை.

கடிதத்தின் முடிவில் ஒரே வரியில் நீ கேட்டிருந்த கேள்விக்கு முதலில் வருகிறேன். பிரம்பை எடுக்க உனக்கு அதிகாரம் இல்லை. 1959-ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் அதனைத் தலைமையாசிரியரின் கையில் கொடுத்திருக்கின்றன. அவர் ஒப்படைத்தாலொழிய வேறோர் ஆசிரியர் அதைப் பிரயோகிக்க இயலாது. ஆண் பிள்ளைகளை மட்டும், உள்ளங்கையிலோ உடைக்கு மேலாகப் பின்புறத்திலோ மட்டும், இலேசான பிரம்பினால் என்று அதற்கும் வரம்பு உண்டு. பெண் பிள்ளைகள்மேல் அது படவே கூடாது. மற்றப் பிள்ளைகள் பார்க்க நிறுத்திவைத்து அடிப்பதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை தடுக்கிறது. இவையெல்லாம் நீ பயிற்சிக் காலத்தில் படித்தவையே; எனினும் கோபம் தலைக்கேறும் தருணத்தில், படித்தவற்றுள் முதலில் மறந்துபோவது இதுதான் என்பதால் எழுதிவைக்கிறேன். சட்டம் இடங்கொடுத்திருந்தாலும் வேண்டாம் என்றே உனக்குச் சொல்லியிருப்பேன்; அதற்கான காரணங்களைப் போகப் போகச் சொல்கிறேன்.

2025 அக்டோபரில், இங்கிருந்து அதிக தூரமில்லாத பண்டார் உத்தாமாவில், இடைநிலைப்பள்ளி ஒன்றினுள்ளேயே 14 வயது மாணவன் ஒருவன் 16 வயது மாணவியைக் கத்தியால் குத்திக் கொன்ற நாளிலிருந்து, வீட்டிலும் கோயிலிலும் உணவுக்கடையிலும் பிரம்பைப் பற்றிய பேச்சே காதில் விழுகிறது. சென்னையில் 2012 பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றபோதும் இதே பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சில் உள்ள அச்சத்தை நான் மதிக்கிறேன். பெற்ற வயிறு பேசும் பேச்சு அது. ஆனால் அத்தகைய கொடுமைகளையும் உன் வகுப்பில் நாற்காலி இழுபடும் ஓசையையும் ஒரே தட்டில் வைத்து எண்ணத் தொடங்கினால், எதிரே அமர்ந்திருக்கும் பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு நீ அஞ்ச ஆரம்பித்துவிடுவாய். ஆசிரியரின் அச்சத்தைப் பிள்ளைகள் பாடத்தைக் காட்டிலும் விரைவாகக் கற்றுக்கொள்வார்கள்.

அந்தக் காலத்தில் பிள்ளைகள் அடங்கியிருந்தார்கள், வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்தார்கள் என்று பெரியவர்கள் உன்னிடமும் சொல்லியிருப்பார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் நடத்தியாக வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்களுக்கு விதித்த காலந்தொட்டு, தோட்டங்கள் ஒவ்வொன்றாக மறையும் வரையில், தோட்டப் பள்ளி வாத்தியார் என்பவர் வெறும் வாத்தியாராக மட்டும் இருந்ததில்லை. ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுகிறவர் அவர். மனு எழுதித் தருகிறவர் அவர். மாரியம்மன் திருவிழாக் கணக்கு அவரிடம். தொழிலாளர் லயத்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். பிள்ளை அஞ்சியது அவர் கையிலிருந்த பிரம்புக்கு என்பதைவிட, தன் வீட்டின் சுகதுக்கம் முழுவதையும் அறிந்த ஒருவருக்கு என்பதே பொருத்தம். இன்று செர்டாங், பூச்சோங், காஜாங் வட்டாரத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அவசரகாலத்தில் புதுக்கிராமமாக எழுந்த இந்த ஸ்ரீ கெம்பாங்கானிலேயே, பழைய ஈயச் சுரங்கப் பள்ளம் ஏரியாகி, அதன் கரையில் பேரங்காடி நிற்கிறது. லயத்து மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும், அவர்களின் பேரப்பிள்ளைகள் உன் வகுப்புக்கும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். நீயோ வேறொரு பட்டணத்திலிருந்து நெரிசலில் காரோட்டி வந்து, மணியடித்ததும் திரும்பிப் போகிறாய். இதில் உன் குற்றம் எதுவும் இல்லை. எனினும், அந்த வாத்தியாரிடம் இருந்து உன்னிடம் இல்லாமற்போனது பிரம்புதான் என்று எண்ணிவிடாதே.

இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. நம் ஆசிரியர்களுள் பலர் அறியாதது. சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்களுக்காக ஏற்பட்டிருந்த விடுதியின் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார், அவ்வூர்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். சம்பள ஆசிரியர்களால் நடவாத காரியத்தைப் பிள்ளைகளைக் கொண்டே நடத்தலாம் என்று துணிந்து, தேர்ந்த சிறுவனைத் தேராத சிறுவர்க்கு ஆசானாக்கினார். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைதான் அது. குற்றம் செய்தவன் பெயர் ஒரு கறுப்புப் புத்தகத்தில் ஏறும். வாரம் ஒருமுறை பிள்ளைகளே பஞ்சாயத்தாக அமர்ந்து அதை விசாரிப்பார்கள். பிரம்புக்கு அங்கே வேலை மிகவும் குறைந்துபோயிற்று. 1797-இல் அவர் லண்டனில் வெளியிட்ட சிறு நூலின் வழியாக, மதராஸ் முறை என்ற பெயரோடேயே அது ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. அவரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்து கௌரவித்தார்கள். திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகச் சித்திரிப்பது என் நோக்கமன்று. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் அங்கேதான் இருந்தது. சட்டாம்பிள்ளைகள் சின்னஞ்சிறு சர்வாதிகாரிகளாக மாறித் தின்பண்டம் லஞ்சம் வாங்கியதும் உண்டு. இருந்தபோதிலும், ஒழுங்கைக் காப்பதில் பிள்ளைகளுக்கே பங்கு கொடுத்தால் அவர்கள் அதைக் காப்பார்கள் என்ற உண்மை நம் திண்ணையிலிருந்து புறப்பட்டு உலகுக்குப் போயிருக்க, நாமோ கோதண்டத்தின் நினைவை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசி வரிசையில் அமரும் ஒரு பையனின் மேசையில், காம்பஸ் முனையால் இரண்டு இலக்கங்கள் ஆழமாகக் கீறப்பட்டிருந்ததாகவும், அவை என்னவென்று கேட்டதற்கு அவன் சிரித்ததாகவும் எழுதியிருந்தாயே, உன் கடிதத்தில் என்னை வெகுநேரம் நிறுத்திவைத்த இடம் அதுதான். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு சட்டவிரோதக் கும்பல்கள் 49-ஐப் பெயர் சொல்லி அறிவித்தபோது, அவற்றுட் பல வெறும் எண்களையே பெயராகக் கொண்டிருந்தன என்பது உனக்குத் தெரிந்திருக்கும். பதினோரு வயதில் அவன் எந்தக் கும்பலிலும் இருக்கமாட்டான்; அண்டை வீட்டு அண்ணன் ஒருவனின் கையில் பச்சை குத்தியிருப்பதைப் பார்த்திருப்பான், அவ்வளவுதான். ஆனால் சற்றே சிந்தித்துப் பார். கும்பலில் கட்டொழுங்கு இல்லையா? பள்ளியைவிடக் கடுமையான கட்டொழுங்கு அங்கே உண்டு: மூத்தவன் சொல்லை மீறக்கூடாது, கூப்பிட்ட நேரத்தில் நிற்கவேண்டும், காட்டிக்கொடுக்கக்கூடாது. வகுப்பில் ஐந்து நிமிடம் அமைதியாக அமர மறுப்பவன் அங்கே மணிக்கணக்கில் காவல் நிற்பான். ஏனெனில் அங்கே அவனுக்கு ஒரு பெயர் உண்டு, ஒரு பொறுப்பு உண்டு, அவன் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பவர் உண்டு. நம் பிள்ளைகள் ஒழுங்கை வெறுப்பவர்கள் என்பது பிழையான அபிப்பிராயம், மகளே. தனக்கென ஓர் இடம் இல்லாத ஒழுங்கைத்தான் பிள்ளை வெறுக்கிறான். அடுத்த ஆண்டு போனால் அவன் தமிழ்ப்பள்ளியை விட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்வான். மலாய் மொழியில் தேறாவிட்டால் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்க நேரும். ஆயிரம் பேர் படிக்கும் அந்தப் புதிய இடத்தில் அவனைப் பெயர் சொல்லி அழைக்க முதலில் வருபவர் ஆசிரியரா, வேலிக்கு வெளியே நிற்கும் அந்த அண்ணனா என்பது, உன் வகுப்பில் அவன் எப்படி இருந்தான் என்பதைப் பொறுத்தும் இருக்கிறது.

அவனை உடனே வகுப்புத் தலைவனாக்கிவிடு என்று சொல்பவர்கள் உண்டு. அந்தத் தந்திரத்தை நான் விரும்புவதில்லை; குறும்பு செய்தால் பதவி கிடைக்கும் என்று அடங்கியிருக்கும் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். அவனுக்குச் சிறிய, உண்மையான, அவன் செய்யாவிட்டால் வகுப்பு சிரமப்படும் வேலை ஒன்றைக் கொடு. நோட்டுப் புத்தகங்களை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோவதோ, படம் காட்டும் கருவியின் கம்பியைப் பொருத்துவதோ போதும். அவன் வராத நாளில், அவன் இல்லாததால் அந்த வேலை தாமதித்தது என்று எல்லோரும் கேட்கச் சொல்.

இனி நடைமுறைக்கு வருவோம். டெட்ராயிட் நகரப் பேராசிரியர் ஜேக்கப் கூனின் என்பவர், தம் வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவனைக் கண்டித்தபோது, கண்டிக்கப்படாத மற்றவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்து, அதன் காரணத்தை ஆராயப் புகுந்தார். தொடக்கப்பள்ளி வகுப்பறைகளை ஒளிநாடாவில் பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் பார்த்தபின் அவர் 1970-இல் வெளியிட்ட முடிவு, அவர் எதிர்பார்த்ததற்கு மாறானது: தவறு நடந்தபின் கண்டிக்கும் விதத்தில், வகுப்பு அடங்கியிருக்கும் ஆசிரியருக்கும் அடங்காத ஆசிரியருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தவறு நடப்பதற்கு முன் அவர்கள் செய்தவற்றில்தான் வேறுபாடு இருந்தது. வகுப்பு முழுவதும் தன் கண்ணில் இருப்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்துவதும், ஒரு வேலையிலிருந்து மறு வேலைக்கு இடைவெளியின்றிக் கொண்டுபோவதும் அவற்றுள் முதன்மையானவை.

உன் வகுப்பில் ஓய்வு நேரத்துக்குப் பின்வரும் முதல் ஐந்து நிமிடங்களை நினைத்துக்கொள். சிற்றுண்டிச் சாலையிலிருந்து வேர்த்து விறுவிறுத்து, பாதி நாசி லெமாக் பொட்டலம் கையில் இருக்க, திடலில் தொடங்கிய சண்டையை வாயில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் உள்ளே நுழைகிறார்கள். மேலே விசிறி சுழல்கிறது. நீ இணைய முறையில் வருகைப் பதிவை முடிக்கக் குனிந்திருக்கிறாய். நீ எழுதிய சம்பவங்களை மறுபடி வாசித்துப் பார். பெரும்பாலானவை இந்த ஐந்து நிமிடத்தில்தான் நடந்திருக்கின்றன. நாளை முதல் அவர்களுக்கு முன்பே நீ வகுப்புக்குப் போ. கதவருகே நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து உள்ளே விடு. கரும்பலகையில் மூன்று கணக்குகள் எழுதியிருக்கட்டும். அமர்ந்ததும் செய்யத் தொடங்குவது வழக்கமாகட்டும். வருகைப் பதிவு பத்து நிமிடம் பொறுக்கும். எந்தப் பிள்ளையின் முகம் அன்று சுண்டியிருக்கிறது என்பது அந்த வாசலில் தெரிந்துவிடும். பாலாக்கோங் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போன தாய் இன்னும் வீடு திரும்பாததால் பசியோடு வந்தவன் யார் என்பதும் தெரிந்துவிடும்.

கண்டிக்க வேண்டியபோது கண்டி. கண்டிக்கவே கூடாது என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவளில்லை நான். ஆனால் தனியாக, தணிந்த குரலில், செய்த செயலின் பெயரைச் சொல்லிக் கண்டி. அவன் குடும்பத்தையோ, சாதியையோ, அண்ணனையோ இழுக்காதே. பத்துப் பேர் முன்னிலையில் மானம் போன பிள்ளைக்கு அதை மீட்கவும் அந்தப் பத்துப் பேர் முன்னிலைதான் தேவைப்படும். மேலும், சொன்னதைச் செய். இன்னொரு தரம் செய்தால் பார் என்று திங்கட்கிழமை சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கிழமை பார்க்காமல் விடுவது, இந்த மொத்தத் தொந்தரவுக்கும் உரமிடுவதாகும்.

உன்னைக் காத்துக்கொள்ளவும் கற்றுக்கொள். தென் கொரியாவில் 2023 ஜூலையில் ஓர் இளம் தொடக்கப்பள்ளி ஆசிரியை, பெற்றோர் கொடுத்த நெருக்கடியின் நடுவே தன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி பரவியபின், பல்லாயிரம் ஆசிரியர்கள் வாரந்தோறும் தெருவில் திரண்டார்கள். நியாயமாகக் கண்டித்த ஆசிரியரைக் குழந்தைக் கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து காக்க, அந்நாட்டு நாடாளுமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் சட்டத்தைத் திருத்தியது. இங்கே அத்தகைய காப்பு வரும்வரை, நடந்ததை அன்றே தேதியிட்டு எழுதிவை. தலைமையாசிரியருக்கும் ஆலோசகருக்கும் தெரியாமல் எதையும் மனத்தில் அடைத்துவைக்காதே. புலனக் குழுவில் எந்தப் பெற்றோருக்கும் பதில் எழுதாதே, நேரில் வரச்சொல். உன்மேல் கோபத்தோடு வரும் தாய்க்கு முதலில் ஒரு நாற்காலி போடு; அவள் பிள்ளையைப் பற்றி உனக்குத் தெரிந்த நல்ல செய்தி ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு தொடங்கு. அப்படிச் சொல்ல ஒன்றுமில்லை என்றால், அந்தப் பிள்ளையை நீ இன்னும் பார்க்கவில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு வராத பெற்றோர்தாம் நீ சந்திக்க வேண்டிய பெற்றோர். எனவே ஒன்று கேட்கிறேன். இந்தப் பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முன், தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, மூத்த ஆசிரியை ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, மேசையில் இலக்கம் கீறிய அந்தப் பையனின் வீட்டுக்கு ஒரு மாலையில் போய்விட்டு வா. புகார் சொல்லப் போகாதே. உட்கார்ந்து பேசிவிட்டு, கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட்டு வா. போய் வந்தபின் எனக்கு எழுது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உன் ஆசிரியை