லினக்ஸில் ரெண்டு நெட்வொர்க் கார்டு: விக்கிரவாண்டி பாலம் சொல்லித் தரும் பாடம்

2024 டிசம்பர் 2-ஆம் தேதியை நம்ம பக்கம் இருக்கிறவங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஃபெஞ்சல் புயல் மழை, மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கிற 452-ஆம் எண் ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்திட்டாங்க. திண்டிவனம் விழுப்புரம் நடுவில் இருப்பது இரட்டைப் பாதை. ஆனா ரெண்டு பாதைக்கும் அந்த இடம் ஒன்றுதான். அதனால் ரெண்டுமே நின்றது. சில ரயில்களை காட்பாடி வழியாகத் திருப்பி விட்டாங்க.

இதுக்கும் லினக்ஸுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. படிச்சுக்கிட்டே வாங்க.

எங்க லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டரை உபுண்டு போட்டு சர்வரா வச்சிருக்கோம். ஜூனியர்ஸ் ப்ரோக்ராம் எல்லாம் அதில்தான் சப்மிட் பண்ணணும். கடைசித் தேதி அன்னைக்கு எலி கேபிளைக் கடிச்சு வச்சிடுச்சு. அறுபது பேர் சப்மிஷன் அம்போ. "இனிமே ரெண்டு கார்டு போட்டுடலாம்"னு இன்னொரு கார்டு வாங்கி மாட்டினேன். முதல் கார்டுக்கு 192.168.1.10, ரெண்டாவதுக்கு 192.168.1.11. வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன். முதல் கேபிளைக் கழற்றிப் பார்த்தா, .10-க்கு வந்துக்கிட்டு இருந்தவங்க எல்லாரும் அப்படியே தொங்கிட்டாங்க.

ஏன் இப்படி ஆகுது?

லினக்ஸைப் பொறுத்தவரை ஐபி முகவரி கார்டுக்குச் சொந்தம் இல்லை, முழுக் கம்ப்யூட்டருக்கும் சொந்தம். ஒரே நெட்வொர்க்கில் ரெண்டு கார்டு இருந்தா, ".10 யாரு?"ன்னு வர்ற ஏஆர்பி கேள்விக்கு எந்தக் கார்டு வேணும்னாலும் பதில் சொல்லும். வெளியே போற டேட்டாவோ ரூட்டிங் டேபிளில் முன்னாடி இருக்கிற கார்டு வழியாத்தான் போகும். ரெண்டாவது கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். ஆக, ரெண்டு கார்டு மாட்டுவது வேற, ரெண்டையும் சேர்ந்து வேலை செய்ய வைப்பது வேற.

சேர்த்து வைக்கிற வேலைக்குப் பெயர் பாண்டிங். இது லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கு. கதையும் பழசு. 1994-ல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும் 16 சாதாரண 486 கம்ப்யூட்டர்களை இணைத்து பேவுல்ஃப் என்ற கிளஸ்டரைக் கட்டினார்கள். ஒரு 10 எம்பிபிஎஸ் ஈதர்நெட் அவங்க ப்ராசசர் வேகத்துக்குப் பத்தவில்லை. அதனால் கம்ப்யூட்டருக்கு ரெண்டு கார்டு போட்டு, பாக்கெட்டுகளை மாற்றி மாற்றி அனுப்பினார்கள்.

எந்த மோடு?

பாண்டிங்கில் 0 முதல் 6 வரை ஏழு மோடு உண்டு. நமக்கு மூன்று தெரிஞ்சா போதும்.

மோடு 0, பேலன்ஸ் ஆர்ஆர்: பேவுல்ஃப் மாதிரி, பாக்கெட்டை ஒன்று விட்டு ஒன்று பிரிச்சு அனுப்பும். வரிசை மாறிப் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. சுவிட்சிலும் செட்டிங் மாற்றணும்.

மோடு 1, ஆக்டிவ் பேக்கப்: ஒரு கார்டு ஓடும், இன்னொன்று காத்திருக்கும். முதலாவது விழுந்தா ரெண்டாவது எடுத்துக்கும். சுவிட்சில் எதுவும் செய்ய வேண்டாம்.

மோடு 4, எல்ஏசிபி: ரெண்டும் சேர்ந்து ஓடும். சுவிட்ச் இதை சப்போர்ட் பண்ணணும். ஆனா ஒரே ஃபைலை ஒருத்தர் டவுன்லோட் பண்ணினா வேகம் ரெட்டிப்பாகாது. ஒரு ரயில் ரெண்டு தண்டவாளத்தில் ஓட முடியுமா? பல பேர் ஒரே நேரத்தில் வரும்போதுதான் லாபம்.

லேபில் இருக்கிற சாதாரண சுவிட்சுக்கு மோடு 1 போதும்.

செய்முறை

ரிமோட்டில் இருந்து செய்யாதீங்க. பாதி வழியில் கனெக்‌ஷன் போனா நீங்களே வெளியே நிற்பீங்க. சர்வர் முன்னாடி உட்கார்ந்து செய்யுங்க.

1. 'ஐபி லிங்க்' கமாண்ட் கொடுத்து கார்டு பெயர்களைக் குறிச்சுக்குங்க. இஎன்பி2எஸ்0 என்றால் பிசிஐ பஸ் 2, ஸ்லாட் 0 என்று அர்த்தம்.

2. சூடோ போட்டு 'என்எம்டியூஐ' திறங்க (நெட்வொர்க் மேனேஜர் இருக்கணும்). அந்த ரெண்டு கார்டுக்கும் ஏற்கெனவே இருக்கிற கனெக்‌ஷனை அழிச்சிடுங்க. இதை விட்டுட்டா, ரீபூட் ஆனதும் பழைய கனெக்‌ஷன் கார்டைப் பிடிச்சுக்க வாய்ப்பு இருக்கு.

3. புதுசா பாண்ட் ஒன்று சேர்த்து பாண்ட்0 என்று பெயர் வைங்க. அதுக்குள்ளே ரெண்டு கார்டையும் சேருங்க. மோடில் ஆக்டிவ் பேக்கப் தேர்ந்தெடுங்க.

4. ஐபி முகவரி, கேட்வே ரெண்டையும் பாண்டுக்கு மட்டும் கொடுங்க. கார்டுகளுக்குத் தனியா எதுவும் வேண்டாம்.

5. ஆக்டிவேட் பண்ணிட்டு, /ப்ராக்/நெட்/பாண்டிங்/பாண்ட்0 ஃபைலைத் திறந்து பாருங்க. இப்போ எந்தக் கார்டு ஓடுதுன்னு அதில் இருக்கும்.

இன்னொரு கம்ப்யூட்டரில் இருந்து பிங் ஓட விட்டு, ஓடுகிற கார்டின் கேபிளைக் கழற்றுங்க. ஒன்றிரண்டு பிங் தவறலாம், அப்புறம் தானா தொடரும். முகவரி மாறலையே, அதனால் வெளியே இருக்கிறவங்களுக்கு எதுவும் தெரியாது.

பாலம் எங்கே?

இங்கேதான் நான் ரெண்டாவது தடவை ஏமாந்தேன். லேப் சுவிட்சில் இருந்து மேலே போற கேபிள் ஒரு நாள் கழன்றுடுச்சு. சர்வரில் பச்சை விளக்கு எரியுது, பாண்டும் "எல்லாம் நலம்"னு சொல்லுது. ஆனா யாராலும் உள்ளே வர முடியலை.

காரணம், வழக்கமான கண்காணிப்பு முறையான எம்ஐஐ, கார்டில் இருந்து பக்கத்து சுவிட்ச் வரைதான் பார்க்கும். 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை பார்த்தாலும் அவ்வளவு தூரம்தான். திண்டிவனம் ஸ்டேஷனில் நின்று பார்த்து "தண்டவாளம் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்ற மாதிரி. தண்ணீர் விக்கிரவாண்டி தாண்டி ஓடுது.

இதுக்கு மாற்று ஏஆர்பி கண்காணிப்பு. கேட்வேயின் முகவரியை இலக்கா கொடுத்தா, 1000 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை அங்கே வரை கேட்டுப் பார்க்கும். பதில் வரலைன்னா கார்டை மாற்றும். ஒரு எச்சரிக்கை: அதே சுவிட்சில் இருக்கிற மற்ற கம்ப்யூட்டர்களின் சத்தத்தையே பதில் என்று அது எடுத்துக்கலாம். அதனால் 'ஏஆர்பி வேலிடேட்' என்ற ஆப்ஷனை 'ஆக்டிவ்' என்று வைங்க. 'என்எம்சிஎல்ஐ' கமாண்டில் பாண்ட் ஆப்ஷன்களோடு இதைச் சேர்க்கலாம். எம்ஐஐ, ஏஆர்பி ரெண்டையும் ஒன்றாக வைக்காதீங்க, ஏதாவது ஒன்றுதான்.

ஆனா ரெண்டு கேபிளும் ஒரே சுவிட்சுக்குப் போனா எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. அது ஒரே பாலத்தில் போற இரட்டைப் பாதை. ரெண்டாவது கேபிள் வேற சுவிட்சுக்குப் போகணும், அந்த சுவிட்ச் வேற யுபிஎஸ்ஸில் இருந்தா இன்னும் நல்லது. அதுதான் நமக்குக் காட்பாடி வழி.

அதனால் கமாண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. சர்வரில் இருந்து கிளம்புற ரெண்டு கேபிளையும் கையால் தொட்டுக்கிட்டே கேட்வே வரை நடந்து போங்க. ரெண்டும் முதல்ல எங்கே ஒன்று சேருதோ, அதுதான் உங்க பாலம்.