தேனீப்பிசின்

குச்சனூரில் தேன்பெட்டி வைக்கும் சங்க அங்கத்தினர்கள் தேனீப்பிசினைப் பற்றி அறிந்துகொள்ளல் அவசியம். மரங்களின் மொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினைத் தேனீக்கள் சுரண்டி வந்து, மெழுகு கலந்து, கூட்டின் வெடிப்புகளை அடைக்கின்றன. புண்ணில் சீழ் உண்டாக்கும் ஸ்டபிலோகாக்கஸ் கிருமியின் விருத்தியை இது தடுப்பதாகப் பரிசோதனைச் சாலைகளில் கண்டிருக்கிறார்கள். குடலில் வசிக்கும் ஈகோலைக் கிருமியிடம் இதன் பலம் குறைவே. கூட்டினுள் செத்த சுண்டெலியை இழுத்தெறிய மாட்டாத தேனீக்கள், அதனைப் பிசினால் மூடிவிடுவதுண்டு. அது இத்தாலியத் தேனீயின் வழக்கம். நாட்டு அடுக்குத்தேனீயோ பிசின் சேர்ப்பதில்லை யென்றே கூறலாம். அதன் பெட்டியைச் சுரண்டுவது வீண்வேலை. சுவர்ப்பொந்தில் வாழும் கொசுத்தேனீ கூடு முழுவதையும் மெழுகும் பிசினும் குழைத்தே கட்டுகிறது. ஆனால் கூட்டை உடைத்தால் அக்குடும்பமே நாசமாகும். சிலருக்குப் பிசின் பட்ட இடம் தடித்து அரிக்கும். ஆழ்ந்த புண்ணுக்கு ஆஸ்பத்திரியே தக்கது. அடுக்குத்தேனீப் பெட்டியில் எடுத்த பிசினென்று எவரேனும் விற்க வந்தால், பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்க.